படமா என்று கேட்டது

பகாவ் பட்டணம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய ஸ்டூடியோ.
தவுக்கே லிம் சோற்றுக்குப் போயிருந்தார்.
செம்பனை லாரியொன்று பழம் உதிர்த்துக்கொண்டே போனது.
பவுனாயி உள்ளே வந்து
கண்ணாடி மேசைமேல் கைப்பேசியை வைத்தாள்,
பால் நிறைந்த மங்கை வைப்பதுபோல்
சிந்தாமல்.

"நேத்து ராத்திரி அவரைப் பாக்கணும்போல இருந்துச்சு.
எதையோ அமுக்கினேன்.
பி, ஏ, டி, ஏ, எம்.
படமான்னு கேட்டுச்சு.
ஆமான்னேன்."

மலாயில் அந்த எழுத்துகளுக்கு
அழி என்று பொருள். அணை என்றும்.
விளக்கை, தீயை, கரும்பலகையை.
அவளுக்குத் தெரியாததல்ல.
கிளினிக்கில், போலீஸில், சம்பள வரிசையில்
ஆயுசு முழுக்க மலாய் பேசியவள்.
"தெரியும் தம்பி.
அந்த நேரத்துக்கு எங்கிட்டத் தமிழ்தான் இருந்துச்சு."

துழாவிப் பார்த்தேன். கார்டு போடாத பழைய மாடல்.
போனது போனதுதான்.

ஒன்றே ஒன்றுதான் இருந்ததாம்,
சிரம்பான் ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் தூங்குகையில்
தெரியாமல் எடுத்தது.
விழித்திருந்தால் விடமாட்டார் சடையப்பன்.
யார் கைப்பேசியை நீட்டினாலும்
"படமெடுக்கிறது பாம்போட வேலை" என்று
முகத்தைத் திருப்பிக்கொள்வார்.
பகடிதான். ஆனாலும் மட்டை வெட்டப் போன இடத்தில்
இரண்டு தடவை அவர் முன்னால் எடுத்திருக்கிறது,
ஓர் ஆள் முழங்கால் உயரம்.

ஆள் வராத நாள்களில் நான் அகராதி புரட்டுகிறவன்.
அட்டை போன புத்தகம், 'ந'வுக்குப் பிறகு கறையான்.
'ப' எப்படியோ தப்பியிருந்தது.
படம் என்றால் முதலில் துணி என்று போட்டிருக்கிறது.
துணிமேல் எழுதியதால் சித்திரத்துக்கும் அதே பெயராம்.
யானை நெற்றியில் தொங்குவதும் துணிதான், படாம்.
பாம்பு விரிப்பதும்.
தோட்டத்துத் திடலில் இரண்டு கம்புக்கு நடுவே கட்டினார்களே,
காற்றடித்தால் கதாநாயகி வயிறு உப்புவாளே,
அன்றைக்கு நாங்கள் துணியைத்தான் பார்த்தோம்,
சொல் சரியாகத்தான் இருந்திருக்கிறது.
வடமொழி வேர் என்பார் சிலர்.
இல்லை, 'படு'தான் என்பார் வேறு சிலர்:
வெளிச்சம் படுகிறது, கண் படுகிறது.
எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது.
செத்தவரைப் 'படமாயிட்டார்' என்கிறோம்,
அதை எந்த வேரில் கட்டுவது?

"இதுல இருக்காரு" என்று
இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஐசியை எடுத்தாள்.
சிவப்பு ஐசி.
இங்கேயே பிறந்து, இங்கேயே மரம் வெட்டி,
நீலத்துக்கு எழுதிப் போட்டு, எழுதிப் போட்டு,
சிவப்பிலேயே முடிந்தவர்.

சுவரில் மாட்டும் அளவுக்குப் பெருக்கினேன்.
முகம் சதுரம் சதுரமாய்ப் பிரிந்து
மூக்கு எது, நிழல் எது என்று தெரியாமல் போயிற்று.
கோட்டுக் காலர் மட்டும் கத்திபோல் நின்றது.

அந்தக் கோட்டு எனக்குத் தெரியும்.
கடையின் பின்சுவர் ஆணியில் இன்னும் தொங்குகிறது.
ஐசிக்கு வந்த ஆம்பளை அத்தனை பேருக்கும்
தவுக்கே மாட்டிவிட்டது,
முதுகு கிழிந்தது, முன்னால் மட்டும் கோட்டு.
எத்தனை தோட்டத்து வேர்வை.

காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ. காட்டினேன்.
பவுனாயி மோந்து பார்த்தாள்.
"இது அவரு இல்ல" என்றாள். "பொதுவாசம்."
ஆனாலும் சேலைமேல் அதைப் போட்டு,
பித்தான்களைக் கீழிருந்து மேலாக மாட்டி,
நீலத் திரைக்கு முன் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எடு."

வெளிச்சம் பட்டது.
சரியாக வந்ததா என்று பார்க்கப் போய்
என் விரல் குப்பைத்தொட்டிப் பொத்தானில் பட்டுவிட்டது.
திரையில் அதே ஐந்து எழுத்து.

"என்ன கேக்குது?" என்றாள் கோட்டுக்குள்ளிருந்து.
"படமான்னு."
"இல்லைன்னு சொல்லு."